பழுது என்று நான் எழுதிய பச்சை

நடந்தவை, நடந்த வரிசையில்:

1. எண்ணூர் விரைவுச் சாலையில், காசிமேட்டுப் பக்கம், பழைய சிக்னல்களை எடுத்துவிட்டு, வண்டி வந்து நிற்பதைத் தானே உணரும் புதிய சிக்னல்களை வைத்தார்கள்.

2. அதனால் என்ன விளைந்தது என்று அளந்து சொல்லும் வேலை நான் இருந்த நிறுவனத்துக்கு வந்தது. அளந்தவள் நான்.

3. மீன்பிடித் துறைமுகத்துக்கு எதிரிலுள்ள சந்திப்பில், காலை நேரத்தில், சில பச்சைகள் காரணமில்லாமல் விழுவதாகப் பதிவு காட்டியது. அவற்றைப் ‘பழுது’ என்று எழுதி அட்டவணையிலிருந்து நீக்கினேன்.

4. பழுதைச் சரிசெய்தார்கள்.

5. எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் அக்காவின் அன்னக்கூடை கண்டெய்னர் லாரியின் சக்கரத்தில் நசுங்கியது.

6. எழுதியதை நான் திரும்பப் பெற்றுக்கொண்டேன். நிறுவனம் பெற்றுக்கொள்ளவில்லை.

7. முடிவுகளைப் பகிரும் கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

மூன்றாவது என் தவறு. அதை ஒளித்துவைத்துச் சொன்னால் ஏழாவது மட்டும் பெரிதாகத் தெரியும். அதனால் தவறிலிருந்தே தொடங்குகிறேன்.

எங்கள் அலுவலகம் கிண்டியில் இருந்தது. பேசின் பிரிட்ஜுக்கு வடக்கே, வடசென்னையில், வீடு உள்ள பொறியாளர் அங்கே நான் ஒருத்திதான். இந்த வேலை வந்ததும் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, “உங்க ஏரியாதானே? கலீஜா இருந்தாலும் உங்களுக்குப் பழகியிருக்கும்” என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் சிரிக்கவில்லை. வேலைக்கான கோப்பை எடுத்துக்கொண்டேன். அந்த அலுவலகத்தில் நான் ‘இருக்கு’ என்று சொல்லுவேன், வீட்டில் ‘கீது’ என்று சொல்லுவேன். தண்டையார்பேட்டையில் பேருந்து ஏறும்போது ஒரு நாக்கு, கிண்டியில் இறங்கும்போது வேறு நாக்கு.

அந்த சிக்னல் வேலை செய்யும் விதம் எளிமையானது. நிறுத்தக் கோட்டுக்குச் சற்றுப் பின்னால் சாலையைச் செவ்வகமாக அறுத்து, உள்ளே செம்புக் கம்பியைச் சுருளாகப் பதித்து, தார் ஊற்றி மூடுவார்கள். மேலே இரும்பு வந்து நின்றால் சுருள் உணரும். ஓரத்தில் நிற்கும் பெட்டிக்குச் சொல்லும். பெட்டி பச்சை விடும். முன்பு, துறைமுக வாசலிலிருந்து வரும் கிளைச்சாலைக்கு வண்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் முறை வைத்துப் பச்சை கிடைத்தது. இப்போது இரும்பு நின்றால் மட்டும். நிற்காத நேரமெல்லாம் பிரதான சாலைக்கே.

இதில் நன்மை இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. நன்மை இருந்தது. கண்டெய்னர் லாரிகள் ஒன்றின் வாலை ஒன்று முகர்ந்தபடி நின்ற சாலை அது. ஓட்டுநர்கள் வண்டிக்கு அடியில் ஸ்டவ் பற்றவைத்துச் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, பாத்திரமும் கழுவிவைத்துவிட்டு, அடுத்த வண்டி நகர்கிறதா என்று பார்ப்பார்கள். புதிய சிக்னலுக்குப் பிறகு வரிசை குறைந்தது. அளந்தேன், குறைந்திருந்தது, அப்படியே எழுதினேன். அந்த வரியை இன்றும் மாற்றமாட்டேன்.

என் தவறு ஒரு விதியில் இருந்தது. விதியை எழுதியவளும் நான்தான். சுருள் ஒவ்வொரு முறை உணர்வதையும் ‘அழைப்பு’ என்போம். அழைப்புகளின் பதிவு பெட்டியில் இருக்கும். அது சரியா என்று பார்க்க, சந்திப்பை ஒட்டிய ஐஸ் ஃபேக்டரி மொட்டை மாடியில் கேமரா வைத்துப் படம் பிடித்து, நிறுத்தக் கோட்டைத் தாண்டும் வண்டிகளை அலுவலகத்தில் உட்கார்ந்து எண்ணினேன். விதி இதுதான்: அழைத்த வண்டி கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். தாண்டாவிட்டால் அழைப்பு பொய், சுருளில் பழுது.

கிளைச்சாலையில் காலை நேரத்தில் பொய் அழைப்புகள் குவிந்திருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் கூடின. படகுகள் கடலுக்குப் போகாத நாட்களில் அறவே இல்லை. தண்டையார்பேட்டையில் வளர்ந்த எவருக்கும் ஞாயிற்றுக்கிழமைக் காலை என்றதும் மீன் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். எனக்கு ஈரம் நினைவுக்கு வந்தது. ‘கடற்காற்றின் ஈரத்தால் சுருள் பிழைபடுகிறது’ என்று எழுதினேன். பொய் அழைப்புகளை நீக்கினேன். நீக்கியபின் பார்த்தால் கிளைச்சாலையில் காலையில் வண்டிகளே அதிகம் இல்லை. ஆகவே சுருளின் உணர்திறனைக் குறைக்கலாம், கிளைச்சாலைப் பச்சையின் நீளத்தையும் வெட்டிப் பிரதான சாலைக்குக் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தேன். மேலாளர் ‘மிக நன்று’ என்று பென்சிலால் எழுதிக்கொடுத்தார். முதல் வேலையாக, சோதனைக்கு, உணர்திறனைக் குறைத்தார்கள்.

அந்த வாரம் சனிக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். மீன்கார அக்கா வழக்கமாக வரும் நேரத்தைத் தாண்டி வெகுநேரம் கழித்து வந்தாள். தலையில் அலுமினிய அன்னக்கூடை இல்லை. நீல நிறப் பிளாஸ்டிக் டப்.

“இன்னாமே, கொயம்பு கொதிச்சி எறக்கற நேரத்துல வர்ற?” என்றாள் அம்மா. “ஐஸெல்லாம் தண்ணியா ஓடுது பாரு. சங்கரா கண்ணே வெளுத்துகினு கீது.”

“உன் கண்ண மொதல்ல டாக்டர்கிட்ட காட்டு. மீனு நல்லாத்தான் கீது. நான்தான் வெளுத்துப் பூட்டேன்.”

“அன்னக்கூடை எங்கக்கா?” என்று கேட்டேன்.

“லாரி துன்னுட்ச்சி.” டப்பை இறக்கிவைத்தாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. “நாலு நாளா சிக்னலு பேஜாரு பண்ணுது கண்ணு. மீன்பாடிய நிறுத்தினாலும் பச்சை வுட மாட்டேங்குது. எத்தினி நேரம் நிக்கறது? ஓடினேன். கூடை வுயுந்துட்ச்சி. எடுக்கத் திரும்பினேன், பின்னால வந்தவ முடியப் புட்ச்சி இஸ்தா. இல்லாங்காட்டி கூடையோட நானும் அடியிலதான்.”

மீன்பாடி என்பது எங்கள் பக்கத்து மூன்று சக்கர வண்டி. முன்னால் பலகை, அடியில் இரும்புச் சட்டம், சிலவற்றில் பழைய ஸ்கூட்டர் இன்ஜின். ஐஸும் மீனும் அதில்தான் போகும்.

“மீன்பாடிக்கும் பச்சைக்கும் இன்னாக்கா சம்பந்தம்?”

அவள் அம்மாவைப் பார்த்தாள். “இன்னாமே உன் பொண்ணு, சிக்னலு ஆபிசுன்னு சொன்ன. இது கூடத் தெரியாம அங்க இன்னா பண்ணிகினு கீது?”

பிறகு எனக்குப் பொறுமையாகச் சொன்னாள். கிளைச்சாலையில், ரோட்டில் கறுப்பாகக் கட்டம் போட்ட இடத்தில் மீன்பாடியைக் கொண்டுபோய் நிறுத்தினால் கொஞ்ச நேரத்தில் பச்சை விழும். லாரிகள் நிற்கும். கூடைக்காரிகள் எல்லாரும் சேர்ந்து மேற்குப் பக்கம் கடந்துவிடுவார்கள். மீன்பாடிக்காரர் வண்டியைப் பின்னால் தள்ளிக்கொண்டு ஐஸ் ஃபேக்டரிக்குத் திரும்பிவிடுவார். அவருக்கு ரோட்டைத் தாண்டும் வேலையே இல்லை. இப்படித்தான் தினமும் நடந்தது, நாலு நாள் முன்புவரை.

நான் அடுப்படிக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன். அழைத்த வண்டி கோட்டைத் தாண்டாதது ஏன் என்று இப்போது தெரிந்துவிட்டது. உணர்திறனைக் குறைத்தபின் மீன்பாடியின் சிறிய இரும்பு சுருளுக்குப் போதவில்லை.

மறுநாள் ஞாயிறு. விடிந்ததும் போனேன். சிக்னலுக்குப் பக்கத்தில் நாற்பது ஐம்பது பெண்கள் கூடைகளை வைத்துக்கொண்டு நின்றார்கள். லாரிகள் ஓய்வில்லாமல் போய்க்கொண்டிருந்தன. மேற்குப் பக்கம் ஷேர் ஆட்டோக்கள் ஹாரன் அடித்தன. அக்கா என்னை மீன்பாடிக்காரரிடம் கூட்டிப்போனாள். ஐம்பதைத் தாண்டியவர், லுங்கிக்கு மேலே போலீஸ் பெல்ட் போலத் தடிமனான ஒரு பெல்ட்.

“இதான் அந்த சிக்னலு பொண்ணு நைனா.”

“ஓகோ. நீதானா பச்சைய இஸ்துகினு பூட்டது?” என்றார் என்னிடம்.

“ஆமாண்ணே. நான்தான்.”

மறுப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார் போல. பிறகு வண்டியைக் கட்டத்தின் மேல் கொண்டுவந்து நிறுத்தினார். பச்சை வரவில்லை. முன்னால் தள்ளினார், பின்னால் இழுத்தார், இறங்கிச் சக்கரத்தை ஒரு உதை உதைத்தார். வரவில்லை. “முன்னயெல்லாம் ஒரு பீடி பத்தவெக்கறதுக்குள்ள வுயும்” என்றார்.

“இது எப்படிண்ணே கண்டுபுடிச்சீங்க?”

“இன்னா கண்டுபுடிப்பு. ஐஸு லோடுக்கு நின்னுகினு இருந்தேன். நான் நின்னா வுயுது, நவுந்தா வுயல. ரெண்டு நாளு பாத்தேன். இதுங்ககிட்ட சொன்னேன், நம்பல. பந்தயம் கட்டினேன். ஒரு கெய்ங்கா மீனு ஜெயிச்சேன்.”

“கெய்ங்கா இல்ல, காரப்பொடி மீனு” என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

திங்கட்கிழமை, கேமரா டேப்புகளை மீண்டும் போட்டுப் பார்த்தேன். உணர்திறனைக் குறைப்பதற்கு முன் எடுத்தவை. பொய் என்று நான் எழுதிய ஒவ்வொரு அழைப்பின் நேரத்தையும் எடுத்துக்கொண்டு, டேப்பில் அதே நேரத்துக்குப் போனேன். படத்தின் ஓரத்தில் மீன்பாடி வருகிறது. நிற்கிறது. விளக்கு மாறுகிறது. பெண்கள் கடக்கிறார்கள். மீன்பாடி பின்னால் போகிறது. அடுத்த நேரம். மீன்பாடி. அடுத்தது. எல்லாம் முதல் தடவையே என் கண்முன் ஓடியவைதான். நான் கோட்டைத் தாண்டும் சக்கரங்களை மட்டும் எண்ணியிருந்தேன். மனிதர்கள் நடுத்திரையில் நடந்துபோயிருக்கிறார்கள்.

நீக்கியவற்றில் மிகச் சில மட்டும் உண்மையாகவே பழுது. அவற்றைத் தனிப் பத்தியில் போட்டேன். பெண்கள் கடப்பதால் லாரிகள் கூடுதலாக நிற்கும் நேரத்தையும் போட்டேன். எனக்குச் சாதகமாக எதையும் விடவில்லை. புதிய அட்டவணையுடன் மேலாளரிடம் போனேன்.

அவர் முழுவதும் படித்தார். அதைச் சொல்லியாக வேண்டும், படிக்காமல் தள்ளவில்லை.

“நல்ல வேலை” என்றார். “ஆனா பாதசாரிகள் நம்ம ஸ்கோப்ல இல்ல. நாம அளக்க ஒத்துக்கிட்டது வண்டிகளோட தாமதம்.”

“மீன்பாடி வண்டிதானே சார்?”

“அது கோட்டைத் தாண்டலையே. உங்க விதிதானே அது?”

“என் விதிதான் சார். தப்பான விதி.”

“ரிப்போர்ட் போயாச்சு. சோதனை முடிவு பிரமாதமா இருக்கு. அடுத்த வாரம் மீட்டிங். அங்க போய், எங்க இன்ஜினியர் மீன்கூடையை மறந்துட்டாங்கன்னு சொல்லச் சொல்றீங்களா?”

“ஆமா சார்.”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “நீங்க எமோஷனல் ஆகறீங்க. உங்க ஏரியாங்கறதால.”

நான் இடத்துக்குத் திரும்பி ஒரு கடிதம் எழுதினேன். மூன்றே வரி. அந்த அட்டவணை என்னுடையது. அது தவறு. கூட்டத்தில் அதைக் காட்டினால், தவறு என்று அங்கேயே சொல்வேன். கையெழுத்திட்டு அவர் மேசையில் வைத்தேன். ஒரு நகலை என் பையில் வைத்துக்கொண்டேன். அவர் அதை ஒரு கோப்புக்குள் செருகிவைத்தார். நான் செய்யமாட்டேன் என்று நினைத்தார் என்பது பிறகு தெரிந்தது.

ஆனால் சந்திப்பில் வேறொரு சண்டை எனக்காகக் காத்திருந்தது. படத்தைக் கூட்டத்தில் காட்டப்போகிறேன் என்றதும் மீன்பாடிக்காரர் முகம் மாறியது.

“இத்த நீ அங்க காட்டினா, மறுநாளே போலீசு வந்து வண்டியத் தூக்கிகினு பூடும். உனுக்கு ஆபிசு கீது. எனுக்கு இன்னா கீது?”

நியாயமான கேள்வி. நான் அதை யோசித்திருக்கவேயில்லை. அளப்பவளுக்கு முடிவைப் பகிர்ந்தால் வேலை முடிந்தது. அளக்கப்பட்டவருக்கு அதிலிருந்துதான் தொல்லை தொடங்குகிறது.

“நீங்க வேணாம்னா காட்ட மாட்டேண்ணே” என்றேன். அதை முழு மனதோடுதான் சொன்னேன்.

அக்கா டப்பை இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். “காட்டாம இன்னா நைனா? இப்ப மட்டும் பச்சை வுயுதா? உன் வண்டி சும்மாதான நிக்குது. நான் ஓடறேன். நாளைக்கு இவ ஓடுவா. யாரு அடியில போவான்னு பந்தயம் கட்றியா?”

அவர் பீடியைப் பற்றவைத்தார், அணைத்தார். “காட்டு” என்றார் கடைசியில். “ஆனா என் மூஞ்சியும் தெரியக்கூடாது, வண்டி பின்பலகையும் தெரியக்கூடாது.” பின்பலகையில் அவர் மகள் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி, இரண்டு பக்கமும் மயில் வரைந்திருந்தார். சாலையில் அந்த மயிலைத் தெரியாதவர் இல்லை. அதனால் மயில் கேமராவுக்கு மறுபக்கம் இருந்த காலைகளாகத் தேடி எடுத்தேன்.

கிளம்பும்போது அக்கா நசுங்கிய அன்னக்கூடையைக் கொண்டுவந்தாள். தோசைக்கல் போலத் தட்டையாகியிருந்தது. “இத்த எடுத்துகினு போய் நடுவுல வெய்யி. ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான்.”

நான் வாங்கிக்கொள்ளவில்லை. ஒரு கூடையைக் காட்டினால் ஒரு விபத்து என்பார்கள். அட்டவணையைக் காட்டினால் அது ஒவ்வொரு காலையும் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு வருத்தம்தான். “ரொம்பத்தான் பட்சிட்டே” என்றாள்.

கூட்டம் நுங்கம்பாக்கத்தில் ஒரு ஹோட்டல் அரங்கில் நடந்தது. சாலையைப் பராமரிக்கும் அலுவலகத்தின் அதிகாரிகள், சிக்னல் விற்றவர்கள், நாங்கள். மேலாளர் பேசினார், நான் கணினியில் பக்கங்களைத் தள்ளிக்கொண்டிருந்தேன். லாரி வரிசை குறைந்த பக்கம் வந்தது. கைதட்டினார்கள். தட்டவேண்டிய இடம்தான், நானும் தட்டினேன். அடுத்து கிளைச்சாலை அட்டவணை வந்தது. அவர் வேகமாகப் படித்து முடித்து, “அடுத்தது” என்றார்.

நான் விசையை அழுத்தவில்லை.

“அடுத்தது போடுங்க.”

எழுந்தேன். “சார், இந்த அட்டவணை தப்பு. செஞ்சது நான்தான். சரியானது என்கிட்ட இருக்கு. மூணு நிமிஷம் போதும்.”

அவர் என்னைப் பார்த்தார். அரங்கு முழுவதும் அவரைப் பார்த்தது. உட்காரச் சொல்லியிருக்கலாம். சொல்வதற்குள் நான் படத்தை ஓட்டிவிட்டேன். மீன்பாடி வந்தது. நின்றது. விளக்கு மாறியது. கூடைகள் வரிசையாகக் கடந்தன. மீன்பாடி பின்வாங்கியது. பிறகு புதிய அட்டவணையைப் போட்டு வரி வரியாகப் படித்தேன், உண்மையான பழுதுகளையும் சேர்த்து.

சிக்னல் விற்றவர்களில் ஒருவர் சிரித்துவிட்டார். “அடேங்கப்பா. மீன்காரங்க நம்ம சிஸ்டத்தையே ஏமாத்தறாங்க.”

“வண்டி நின்னா பச்சை விடணும்னு செஞ்சது நீங்க” என்றேன். “வண்டி நிக்குது. பச்சை வருது. இதுல ஏமாத்து எங்க கீது சார்?”

‘கீது’ தானாக வந்துவிட்டது. அரங்கில் இரண்டு பேர் புன்னகைத்தார்கள். நான் திருத்திக்கொள்ளவில்லை.

“நடக்கறவங்க அழுத்த பொத்தான் வெக்கற வழக்கம் இல்லையா?” என்று முன்வரிசையிலிருந்து ஒரு அதிகாரி கேட்டார். தலை நரைத்தவர், அதுவரை குறிப்பெடுத்துக்கொண்டே இருந்தவர்.

“வரைபடத்துல இருக்கு சார். ரோட்டுல இல்ல.”

அவர் சிரித்தவரைத் திரும்பிப் பார்த்தார். “அடுத்த கட்டத்துல வருது சார்” என்றார் அந்த சிக்னல்காரர். இப்போது சிரிக்கவில்லை.

“அதுவரைக்கும்?”

“அதுவரைக்கும் சுருளைப் பழையபடி வெச்சிடுங்க சார்” என்றேன். “பச்சையை வெட்டாதீங்க. மீன்பாடி மேல கை வெக்காதீங்க. அந்தச் சந்திப்புல நடக்கறவங்களைக் காட்டற டிடெக்டர் இப்ப அது ஒண்ணுதான்.”

கார் நிறுத்தத்தில் மேலாளர் என்னிடம், “இனிமே இந்த ப்ராஜெக்ட்ல நீங்க வேண்டாம்” என்றார்.

“சரி சார். அட்டவணை இருக்கட்டும்.”

அவர் காரில் ஏறிக்கொண்டார். அந்த வாரமே சுருளைப் பழைய உணர்திறனுக்கு மாற்றினார்கள்.

கூட்டத்தில் பகிர்ந்தது பாதிதான் என்று எனக்குப் பட்டது. முடிவுகளை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதி, ஐஸ் ஃபேக்டரி சுவரில் ஒட்டினேன். எதை அளந்தேன், எதில் தவறினேன், எது மாறியது, எது மாறவில்லை. அடையாளம் தெரியக்கூடாது என்று மீன்பாடிக்காரர் கேட்டுக்கொண்டதால், மீன்பாடியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஒருத்தி உரக்கப் படிக்க மற்றவர்கள் கேட்டார்கள்.

“நான் வுயுந்தத எழுதலியா?” என்றாள் அக்கா.

“இல்லக்கா.”

“அப்ப இன்னா ரிப்போட்டு இது.”

மீன்பாடிக்காரர் சுவருக்கு மிக அருகே போய் மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் பார்த்தார். “நம்மளப் பத்தி ஒண்ணியும் காணோமே” என்றார்.

“நீங்கதானண்ணே வேணான்னீங்க.”

“வேணான்னா, ஒரு வரி கூடவா போடக்கூடாது?”

இப்போதைய நிலை இது. கிளைச்சாலைப் பச்சையை யாரும் வெட்டவில்லை. பொத்தானுக்குக் கம்பம் நட்டிருக்கிறார்கள், ஒயர் இணைக்கவில்லை. ஆண்டுக்கு இரண்டு முறை கேட்டு எழுதுகிறேன், பதில் வருவதில்லை, அடுத்ததை எழுதுகிறேன். அறிக்கையின் பின்னிணைப்பில் என் அட்டவணை இருக்கிறது, என் பெயர் இல்லை. நான் வேறு நிறுவனத்தில் இருக்கிறேன், அங்கே என் விதிகளில் நடப்பவர்களுக்குத் தனிப் பத்தி உண்டு. சந்திப்பில், காலையில், மீன்பாடி கட்டத்தின் மேல் வந்து நிற்கிறது. பச்சை விழுகிறது.